சட்டம் போட்டாச்சு, ஏன் இன்னும் பூட்டி வைச்சிருக்கிறியள்? – வீடமைப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின்ர வீடமைப்பு அமைச்சருக்கும், அமைச்சில லீஸ்ஹோல்ட் விசயங்களைப் பாக்கிற அதிகாரியளுக்கும்,

எங்கட பிளொக்கில பிளாட்டுகள் எல்லாம் லீஸ்ஹோல்ட், அதாவது லீஸ் எண்ட நீண்டகால ஒப்பந்தத்தில வாங்கினது, கட்டடம் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். போன மாதம் எங்கள் எல்லாருக்கும் இந்த வருசத்து சேர்விஸ் சார்ஜ், அதாவது பொதுப் பராமரிப்புக்குக் கட்டுற காசின்ர கணக்கு வந்தது. அதில "லீகல் அன்ட் புரொபெஷனல் ஃபீஸ்" எண்டு ஒரு வரி. மற்ற வருசங்களில அந்த வரியில சில நூறு பவுண்ஸ்தான் இருக்கும், இந்த முறை 7,860. அது என்ன காசு எண்டு எனக்கு நல்லாத் தெரியும், ஏனெண்டால் அது என்னோட வழக்காடின காசு. அதுவும் நான் வெண்ட வழக்கு, இப்பிடியான சண்டையளைத் தீர்க்கிற ட்ரைப்யூனல், அவை கேட்ட காசில முக்கால்வாசியை வெட்டின வழக்கு. தோத்த ஃப்ரீஹோல்டர் தன்ர சொலிசிட்டருக்கும் பாரிஸ்டருக்கும் குடுத்த காசை, அந்த வழக்கில ஒரு நாளும் வந்து நிக்காத என்ர அயலட்டை ஆக்கள் பங்கு பிரிச்சுக் கட்ட வேணுமாம்.

இதில சட்டத்தை மீறி ஒண்டும் நடக்கேல்ல. எல்லாம் சட்டம் விட்ட வழியாலதான் நடந்தது. அந்த வழியை அடைக்கிற சட்டம் 2024ல போட்டாச்சு, நீங்கள் இன்னும் நடைமுறைக்குக் கொண்டு வரேல்ல. அதாலதான் ஃப்ரீஹோல்டருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுறன்.

இதை இங்கிலிஷில ஏற்கெனவே உங்கட ஒஃபீசுக்கு அனுப்பினனான், கிடைச்சது எண்டு ஒரு ஓட்டோமற்றிக் பதில் வந்ததோட சரி. ஆனபடியா இப்ப பொதுவில எழுதுறன், தமிழில எழுதுறன், ஏனெண்டால் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், க்ரோய்டன் எண்டு பிளாட் வாங்கியிருக்கிற எங்கட சனம் கனபேர் இதுக்குள்ள மாட்டிக்கொண்டு நிக்கினம், வாங்கேக்குள்ள ஒருத்தரும் அவைக்கு இதை விளங்கப்படுத்தேல்ல.

நடந்ததைச் சொல்லுறன். எங்கட பிளொக்கில 26 பிளாட், நாலு மாடி, ஒரு லிஃப்ட். அந்த லிஃப்ட் ஒரு குளிர்காலம் முழுக்க வேலை செய்யேல்ல, ஆனா பராமரிப்பு எண்டு முழு வருசத்துக்கும் காசு போட்டிருந்தவை, பில்டிங் இன்சூரன்ஸ் ஒரேயடியா ஏறியிருந்தது, கிளீனிங் கிழமைக்கு ரெண்டு தரம் எண்டு கணக்கில இருக்கு ஆனா மாசியில படிக்கட்டில விழுந்த சிப்ஸ் பை பங்குனியிலயும் அதே படியில கிடந்தது. 1985ம் ஆண்டு லான்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் சட்டத்தில கணக்கின்ர சுருக்கத்தைக் கேக்கவும் ரசீதுகளைப் பாக்கவும் எங்களுக்கு உரிமை இருக்கு, நான் எழுத்தில கேட்டனான், பதில் இல்லை. சரியெண்டு பட்ட பகுதியைக் கட்டிப்போட்டு, ரசீதைக் காட்டுங்கோ மிச்சத்தைத் தாறன் எண்டு எழுதினனான். நான் பிடிச்சு வைச்சது 1,140 பவுண்ஸ்.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கிச்சுது. ரசீது மட்டும் வரேல்ல. முதல் ரிமைண்டருக்கு 60 பவுண்ஸ், ரெண்டாவதுக்கு 90, அதுக்குப் பிறகு "சொலிசிட்டரிட்ட ஒப்படைக்கிற ஃபீஸ்" எண்டு வற் வரியோட 216, சொலிசிட்டர்ர முதல் கடிதத்துக்கு 300, லான்ட் ரெஜிஸ்ட்ரியில என்ர பேரைத் தேடிப் பாத்ததுக்கு ஒரு காசு, இதுக்கெல்லாம் மேல வட்டி. கடையில நிறை குறையுது எண்டு கேட்டவனிட்ட, கேட்டதுக்கு ஒரு காசு, தராசைத் தூக்கி வைச்சதுக்கு இன்னொரு காசு எண்டு அறவிடுற மாதிரி. சண்டை பிடிக்கிறது 1,140க்கு, ஆனா கோர்ட்டில வழக்குப் போட முதலே மேல ஏறின காசு அதில பாதியைத் தாண்டிட்டுது, ஒரு நீதிபதியும் அந்த நேரத்தில இந்தக் கணக்கைக் கண்ணால பாக்கேல்ல.

இந்த அதிகாரம் அவைக்கு எங்கயிருந்து வருது எண்டு கேட்டால், லீஸில இருந்து வருது. கனக்க லீஸில ஒரு பந்தி இருக்கும், 1925ம் ஆண்டு சொத்துச் சட்டத்தின்ர 146ம் பிரிவு நோட்டிஸ் குடுக்கிறதுக்கோ, குடுக்கலாம் எண்டு யோசிக்கிறதுக்கோ ஆகிற எல்லாச் செலவையும் குடியிருக்கிறவரே கட்ட வேணும் எண்டு. 146 நோட்டிஸ் எண்டது வீட்டையே பறிக்கிறதுக்கு முதல் குடுக்கிற நோட்டிஸ். பறிக்கிற எண்ணம் துளியும் இருக்கத் தேவையில்லை, கடிதத்தில "146" எண்ட இலக்கத்தைப் போட்டாக் காணும், அந்தக் கடிதத்தின்ர செலவு எங்கட தலையில எண்டு அவை வாதாடலாம். 2011ல கோர்ட் ஒஃப் அப்பீல், சென்ற் லெனட்ஸ்-ஒன்-சீ ஊரில 69 மரீனா எண்ட கட்டடத்தின்ர வழக்கில, ட்ரைப்யூனலுக்குப் போன செலவையும் இந்தப் பந்தியால அறவிடலாம் எண்டு சொல்லிப்போட்டுது. 2014ல அப்பர் ட்ரைப்யூனல் கொஞ்சம் கடிவாளம் போட்டது உண்மைதான், 146க்குப் போற எண்ணம் உண்மையா இருந்ததா எண்டு பாக்க வேணும் எண்டு. ஆனா அதைக் காட்டி வாதாட ஒரு ஆள் வேணுமே. சாதாரண சனத்துக்கு அந்த வழக்கின்ர பேரே தெரியாது.

ட்ரைப்யூனல் எண்டால் ஆளாள் செலவு ஆளாளுக்கு எண்டுதான் எல்லாரும் நினைக்கினம், விதியும் அப்பிடித்தான் சொல்லுது, ஒரு பகுதி மோசமா நடந்தாலொழிய மற்றவையின்ர செலவைக் கட்டச் சொல்லிறேல்ல. ஸ்மோல் கிளெய்ம், அதாவது கோர்ட்டில சின்னத் தொகை வழக்கு எண்டாலும் அதே நினைப்பு, தோத்தாலும் சொற்பக் காசோட போயிடும் எண்டு. 2015ல சாப்ளேர் வழக்கில கோர்ட் ஒஃப் அப்பீல் அதையும் உடைச்சுது, லீஸில எழுதியிருந்தால் லீஸ்தான், ஸ்மோல் கிளெய்மின்ர செலவுக் கட்டுப்பாடு ஃப்ரீஹோல்டரைத் தடுக்காது எண்டு. ஆக முன்வாசலில "இங்க செலவு இல்லை" எண்டு போர்ட், பின்வாசலால லீஸ் வந்து அறவிடுது. நாங்கள் வெண்டால் எங்கட செலவை அவையிட்ட வாங்க எங்கட லீஸில ஒரு வசனமும் இல்லை, ஏனெண்டால் லீஸ் எழுதினது அவையின்ர லோயர்.

வங்கிக்குப் போற கடிதத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையாக் கோவம். கனபேர் பயந்து கட்டுறது கோர்ட்டுக்கு இல்லை, இந்தக் கடிதத்துக்கு. சொலிசிட்டர் மோட்கேஜ் தந்த வங்கிக்கு எழுதுவார், உங்கட ஆள் சேர்விஸ் சார்ஜ் கட்டேல்ல, லீஸே போகப் பாக்குது, உங்கட கடனுக்கு ஈடே இல்லாமல் போகும் எண்டு. வங்கிக்கு லிஃப்ட் வேலை செய்ததா இல்லையா எண்டு அக்கறை இல்லை, கட்டிப்போட்டு மோட்கேஜில சேர்த்துவிடும். எங்கட மேல் மாடியில ஒரு வயசு போன அம்மா இருக்கிறா, மகள் கனடாவில, இவ தனிய. அவவின்ர நிலுவை 800 பவுண்ஸ் சொச்சம். வங்கி கேட்டு ஒரு கடிதம் போட்டதாம், அவ விளங்காமல் அலுமாரிக்குள்ள வைச்சிட்டா, வங்கி கட்டின காசு 2,900. அந்த வித்தியாசம் முழுக்க கடிதம், ஃபீஸ், சொலிசிட்டர். அதுக்கு இப்ப மாதாமாதம் வட்டியும் கட்டுறா. அந்த 800 சரியான காசா எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் தீர்மானிக்கேல்ல.

சட்டம் சொல்லுறது வேற. சேர்விஸ் சார்ஜுக்காக லீஸைப் பறிக்கிறதெண்டால் முதல் அந்தக் காசு கட்ட வேண்டியதுதான் எண்டு ட்ரைப்யூனலோ கோர்ட்டோ முடிவு செய்திருக்க வேணும், இல்லாட்டி நாங்களே ஒத்துக்கொண்டிருக்க வேணும், அதுக்கு முதல் 146 நோட்டிஸே குடுக்க ஏலாது. நிலுவை 350 பவுண்ஸுக்குக் கீழ, மூண்டு வருசத்துக்கு மேல போகாமல் இருந்தால் பறிக்கிற கதைக்கே இடமில்லை. கட்டினபடியா மட்டும் ஒத்துக்கொண்டதா அர்த்தம் இல்லை எண்டும் 1985 சட்டத்தில இருக்கு. இவ்வளவு பாதுகாப்பும் கடதாசியில இருக்கேக்குள்ள, முடிவெடுக்க முதலே வங்கிக்கு ஒரு கடிதம் போட்டு முழுக் காசையும் செலவோட உருவலாம் எண்டால் அந்தப் பாதுகாப்பு ஆருக்கு? வங்கி கட்டின காசைத் திருப்பி எடுக்க அந்த அம்மாதான் இப்ப ட்ரைப்யூனலுக்குப் போக வேணும். 350 பவுண்ஸ் எண்ட தொகையும் 2004ல வைச்சது, இண்டைக்கு லண்டனில மூண்டு மாதத்து சேர்விஸ் சார்ஜே அதைத் தாண்டுது.

என்ர கதைக்கு வாறன். என்ர வங்கி எனக்கு ஃபோன் எடுத்தது, நான் இது சண்டையில இருக்கிற காசு, கட்ட வேண்டாம் எண்டு எழுத்தில குடுத்தனான், அந்த வழி அடைபட்டதால அவை கவுண்டி கோர்ட்டில கிளெய்ம் போட்டவை. இங்க இன்னொரு குழி. கிளெய்ம் ஃபோர்ம் வந்து 14 நாளுக்குள்ள பதில் போடாட்டி விசாரணை இல்லாமலே தீர்ப்பு, மாதத்துக்குள்ள கட்டாட்டி அது கிரெடிட் ரெக்கோர்டில 6 வருசம் நிக்கும். பிளாட்டை வாடகைக்கு விட்டுட்டு வேற இடத்தில இருக்கிறவைக்கு ஃபோர்ம் வந்ததே தெரியிறேல்ல. நான் பதில் போட்டனான், கோர்ட் அதை ட்ரைப்யூனலுக்கு மாத்திவிட்டது.

நாங்களா ட்ரைப்யூனலுக்குப் போயிருந்தால் விண்ணப்ப ஃபோர்மிலயே ஒரு கேள்வி இருக்கும், வழக்குச் செலவை உங்களிட்ட அறவிடாமல் தடுக்க 20சி உத்தரவு வேணுமா, 5ஏ உத்தரவு வேணுமா எண்டு. 20சி எண்டது 1985 சட்டத்தில இருக்கிறது, செலவை சேர்விஸ் சார்ஜுக்குள்ள போடாமல் தடுக்கும். 5ஏ எண்டது 2002ம் ஆண்டு கொமன்ஹோல்ட் அன்ட் லீஸ்ஹோல்ட் ரிஃபோர்ம் சட்டத்தின்ர அட்டவணைக்குள்ள 2017 சித்திரையில இருந்து நடைமுறைக்கு வந்தது, செலவை நேரா என்ர பேரில அட்மினிஸ்ட்ரேஷன் சார்ஜா எழுதுறதைத் தடுக்கும். ரெண்டு வாசல், ரெண்டு பூட்டு, ஒண்டை மறந்தால் மற்றதால உள்ளுக்கு வருவினம். ஆனா வழக்கைத் தொடங்கினது அவை எண்டால் அந்த ஃபோர்மை நிரப்பினது நாங்கள் இல்லை, நாங்களாத் தேடிக் கண்டுபிடிச்சுத் தனியக் கேக்க வேணும். எனக்கு அதைச் சொன்னது LEASE (லீஸ்ஹோல்ட் அட்வைசரி சேர்விஸ்) எண்ட உங்கட அரசாங்க ஆலோசனை அமைப்பில ஃபோனில கதைச்ச ஒரு பிள்ளை, அவவுக்கு நன்றி. அந்த ஃபோன் எடுக்காட்டி நான் வழக்கில வெண்டு செலவில தோத்திருப்பன்.

குட்ஜ் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில அல்பிரட் பிளேஸில விசாரணை. அவைக்கு ஒரு பாரிஸ்டர், ஒரு சொலிசிட்டர், மனேஜிங் ஏஜென்ட்டில இருந்து ஒரு ஆள். எனக்கு நான், ஒரு ரிங் ஃபைல். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தின்ர ரசீது அண்டைக்குத்தான் முதன்முதலா வெளியில வந்தது, அதுவும் நீதிபதி கேட்டபடியா. 1,140ல நான் கட்ட வேண்டியது 310 எண்டு தீர்ப்பு. ரிமைண்டர் ஃபீஸ் எல்லாம் வெட்டு. 20சியும் 5ஏயும் எனக்குக் கிடைச்சுது. ரசீதை முதல் கடிதத்திலயே காட்டியிருந்தால் அந்த 310ஐ அண்டைக்கே கட்டியிருப்பன், ஒரு கோர்ட்டும் தேவைப்பட்டிருக்காது. ஆனா காட்டாமல் இருக்கிறதுக்கு அவைக்கு என்ன நட்டம்? செலவு வேற ஆற்றையோ காசு எண்டால் வழக்காடுறதுக்கு ஆர்தான் யோசிப்பினம்.

இப்ப அந்த 7,860க்கு வாறன். 20சி உத்தரவு விண்ணப்பத்தில பேர் இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான். முழு பிளொக்குக்கும் கேக்கலாம் எண்டு நினைச்சனான், ஏலாது, ஒவ்வொருவரும் சம்மதிச்சிருக்க வேணும் எண்டு 2019ல அப்பர் ட்ரைப்யூனல் பிளான்டேஷன் வோர்ஃப் வழக்கில சொல்லியிருக்கு. சம்மதம் இல்லாமல் ஒருத்தற்ற பேரை வழக்கில போடக் கூடாது எண்ட நியாயம் எனக்கு விளங்குது. ஆனா நடைமுறையில என்ன நடக்குது? நான் கதவு தட்டினனான், கொஞ்சப் பேர் கையெழுத்து வைச்சவை. சிலர் ஃப்ரீஹோல்டரோட பகைக்க விருப்பமில்லை எண்டவை, சிலற்ற பிளாட்டில வாடகைக்கு ஆக்கள், சொந்தக்காரர் துபாயிலயோ கொழும்பிலயோ. கையெழுத்து வைக்காதவை எல்லாருக்கும் ஆளுக்கு 300 பவுண்ஸுக்கு மேல விழுந்திருக்கு. அது நியாயமான செலவில்லை எண்டு அவை வாதாடலாம்தான். அதுக்குத் திரும்பவும் ட்ரைப்யூனல், விண்ணப்பத்துக்கு நூறுக்கு மேல, விசாரணைக்கு இருநூறுக்கு மேல. முந்நூறைக் காப்பாத்த முந்நூறு.

அதைவிட எனக்கு நோகிறது வேறொண்டு. கீழ் வீட்டில ஒரு போலந்துக் குடும்பம், நல்ல சனம், என்ர மகனை ஸ்கூலால கூட்டிக்கொண்டு வாறவை. இப்ப முகம் குடுத்துக் கதைக்கினம் இல்லை. நீ வழக்குக்குப் போனபடியாத்தானே எங்களுக்கு இந்தக் காசு எண்டு கேக்கினம். நான் வழக்குப் போடேல்ல, அவைதான் போட்டவை, நான் ரசீது கேட்டனான், அவ்வளவுதான். அடுத்த முறை ஆராவது கணக்கில பிழை கண்டால் வாயைத் திறப்பினமோ? திறக்க வேண்டாம் எண்டு பக்கத்து வீட்டுக்காரரே சொல்லுவினம்.

இதையெல்லாம் உங்களுக்குத் தெரியாத விசயமா நான் எழுதேல்ல. உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சு சட்டமும் வந்தாச்சு. 2024 மே 24ம் திகதி லீஸ்ஹோல்ட் அன்ட் ஃப்ரீஹோல்ட் ரிஃபோர்ம் சட்டத்துக்கு அரச அங்கீகாரம் கிடைச்சுது. அதில இந்த முறையைத் தலைகீழா மாத்துற பிரிவுகள் இருக்கு. வழக்குச் செலவு வேணுமெண்டால் ஃப்ரீஹோல்டர்தான் கோர்ட்டிட்டயோ ட்ரைப்யூனலிட்டயோ போய்க் கேக்க வேணும், அவை நியாயம் எண்டு உத்தரவு போட்டால்தான் எடுக்கலாம், லீஸில என்ன எழுதியிருந்தாலும் சரி. நாங்கள் வெண்டால் எங்கட செலவை ஃப்ரீஹோல்டரிட்டக் கேக்கவும் வழி வைச்சிருக்கு. இந்தப் பிரிவு நடைமுறையில இருந்திருந்தால் எங்கட பிளொக்கில அந்த 7,860 கணக்குக்குள்ள வந்தே இருக்காது, ஒருத்தர்ர கையெழுத்தும் தேவைப்பட்டிருக்காது.

அந்தச் சட்டத்தைப் போட்டது முந்தின அரசாங்கம், எண்டாலும் கொண்டு வாறது உங்கட கையில. 2024 நவம்பரில பாராளுமன்றத்துக்கு எழுத்தில அறிக்கை விட்டு ஒவ்வொண்டாக் கொண்டு வாறம் எண்டியள். 2025 ஜனவரி 31ல லீஸ் நீட்டிக்க ரெண்டு வருசம் காத்திருக்க வேணும் எண்டதை எடுத்தனீங்கள், நல்லது. மார்ச் 3ல ரைட் டு மனேஜ் (குடியிருக்கிறவையே கட்டட நிர்வாகத்தைப் பொறுப்பெடுக்கிற உரிமை) விதிகளை மாத்தினீங்கள், அதில ஃப்ரீஹோல்டர்ர செலவை நாங்கள் கட்டுற வழக்கத்தையும் நிப்பாட்டினீங்கள், அதுவும் நல்லது. ஆக ஒரு இடத்தில இதே மாற்றத்தைச் செய்து பாத்திட்டியள், வானம் இடிஞ்சு விழேல்ல. வழக்குச் செலவுக்கு மட்டும் 2025 ஜூலையில கருத்துக் கேக்கத் தொடங்கி செப்டெம்பரில முடிச்சியள், அதுக்குப் பிறகு திகதி ஒண்டும் இல்லை. பெரிய ஃப்ரீஹோல்டர்மார் இந்தச் சட்டத்துக்கு எதிரா ஹை கோர்ட்டுக்குப் போனது லீஸை நீட்டிக்கிற, ஃப்ரீஹோல்டை வாங்கிற விலையைப் பற்றின பகுதியளுக்கு, அதையும் 2025 ஒக்டோபரில கோர்ட் தள்ளுபடி செய்திட்டுது. ஆனபடியா அந்த வழக்கைச் சாட்டாச் சொல்லவும் ஏலாது.

ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, காசு கட்டாமல் ஒளிச்சுத் திரியிறவைக்காக நான் கதைக்க வரேல்ல. என்ர மச்சான் ஒராள் சவுத் ஹரோவில எட்டுப் பிளாட் உள்ள சின்ன பிளொக்கில இருக்கிறார், குடியிருக்கிறவையே சேர்ந்து ஃப்ரீஹோல்டை வாங்கினது, ஒரு ஆள் வருசக்கணக்காக் கட்டுறேல்ல, கூரை ஒழுகுது, திருத்தக் காசில்லை. அந்த மாதிரி இடத்தில கட்டாதவனிட்ட செலவை வாங்காட்டி மற்ற ஏழு பேரும் கட்ட வேணும், அது இதைவிட அநியாயம். எனக்கும் மச்சானுக்கும் இதில சண்டையே வந்தது, நீ சொல்லுற மாதிரி விட்டால் நாங்கள் துலைஞ்சம் எண்டார். ஆனா 2024 சட்டம் அந்த வாசலைப் பூட்டேல்ல. அவர் ட்ரைப்யூனலிட்டப் போய், இந்த மனுசன் காரணமில்லாமல் கட்டேல்ல எண்டு காட்டி செலவைக் கேக்கலாம், நியாயம் அவர்ர பக்கம் எண்டால் கிடைக்கும். ஆர் கேக்க வேணும், ஆர் காரணம் காட்ட வேணும் எண்டதுதான் மாறுது. நாலு மாடிக் கட்டடத்தில ரசீதைக் காட்ட மறுத்த கொம்பனிக்கும் ஒழுகிற கூரைக்குக் கீழ இருக்கிற ஏழு குடும்பத்துக்கும் வித்தியாசம் காண ஒரு நீதிபதியால ஏலும். லீஸில இருக்கிற பந்தியால ஏலாது.

இங்கிலாந்தில லீஸ்ஹோல்டில இருக்கிற வீடுகள் 48 இலட்சத்துக்குக் கிட்ட எண்டு உங்கட கணக்கே சொல்லுது. பறிக்கிற முறையையே ஒழிக்கப் போறம், கொமன்ஹோல்டுக்கு (லீஸ் இல்லாமல் பிளாட்டை முழுசாச் சொந்தமா வைச்சு, கட்டடத்தைச் சேர்ந்து நடத்துற முறை) மாறப் போறம் எண்டெல்லாம் சொல்லுறியள், சந்தோசம், வரட்டும். அதுக்கெல்லாம் புதுச் சட்டம் வேணும், வருசங்கள் எடுக்கும். நான் கேக்கிறதுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பாராளுமன்றம் ஏற்கெனவே போட்டதை நடைமுறைக்குக் கொண்டு வாற விதிமுறையை எழுதிக் கையெழுத்து வைக்கிறது மட்டும்தான் பாக்கி.

ஆனபடியா நான் உங்களிட்டக் கேக்கிறது இவ்வளவும். 2024 சட்டத்தின்ர வழக்குச் செலவுப் பிரிவுகள் எப்ப நடைமுறைக்கு வரும் எண்டு ஒரு திகதி சொல்லுங்கோ, "உரிய காலத்தில" எண்டு வேண்டாம், திகதி. அது வரும் வரைக்கும், ரிமைண்டர் கடிதம், சொலிசிட்டரிட்டக் குடுக்கிற ஃபீஸ் எண்டு அறவிடுறதுக்கு ஒரு உச்சத் தொகை வையுங்கோ, அதோட கணக்கையும் ரசீதையும் எழுத்தில கேட்டவருக்கு அதைக் காட்டும் வரைக்கும் ஒரு சதமும் மேல ஏறக் கூடாது எண்டு சொல்லுங்கோ. சண்டையில இருக்கிற காசுக்கு, ட்ரைப்யூனலோ கோர்ட்டோ முடிவு சொல்ல முதல் வங்கிக்குக் கடிதம் போடுறதைத் தடை செய்யுங்கோ, வங்கியளும் குடியிருக்கிறவர்ர பதில் எழுத்தில வராமல் கட்டக் கூடாது எண்டு அவையோட கதைச்சு ஒரு முறையைக் கொண்டு வாங்கோ. 350 பவுண்ஸ் எண்ட எல்லையை இண்டையான் விலைக்கு ஏத்துங்கோ. கவுண்டி கோர்ட்டில இருந்து மாறி வாற வழக்குகளில 20சி, 5ஏ வேணுமா எண்ட கேள்வியை ட்ரைப்யூனலே முதல் கடிதத்தோட ஒரு ஃபோர்மா குடியிருக்கிறவருக்கு அனுப்ப ஒழுங்கு செய்யச் சொல்லி நீதி அமைச்சிட்டக் கேளுங்கோ. ஒரு பிளொக்கில ஒருத்தர் வெண்டால் அந்த வழக்கின்ர செலவு மற்ற ஆக்கள்ர சேர்விஸ் சார்ஜுக்குள்ளயும் போகாமல் இருக்க, புதுப் பிரிவுகள் வரும் வரைக்கும் ஒரு இடைக்கால வழி செய்யுங்கோ.

மேல் மாடி அம்மா ட்ரைப்யூனலுக்குப் போறதுக்கான ஃபோர்மை நாங்கள் நிரப்பத் தொடங்கிட்டம், கையெழுத்து வைக்காத ஆக்களும் இப்ப சேர்ந்து அந்த 7,860ஐ எதிர்க்கப் போகினம், போலந்துக் குடும்பமும் அதில இருக்கு. அவையின்ர வழக்குக்கும் ஃப்ரீஹோல்டர் பாரிஸ்டரைக் கொண்டு வருவார், அந்தச் செலவையும் எங்கயாவது ஒரு வரியில போடப் பாப்பார். அதுக்கு முதல் உங்கட பதில் வேணும், எழுத்தில, திகதியோட.

இப்பிடிக்கு,
ஹரோவில இருந்து ஒரு லீஸ்ஹோல்டர்